குப்பையைப் பிரிக்கச் சட்டம் எதற்கு என்பவர்களுக்கு

வீட்டுக் குப்பையைப் பிரித்துத்தான் போட வேண்டும் என்பது பகாங்கில் 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 672, அப்படிச் சொல்கிறது. 2016 ஜூன் முதல் அபராதமும் உண்டு. ஆனாலும் கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் இந்தப் பேச்சை எடுத்தால், “இதற்கெல்லாமா சட்டம்? மனசு இருந்தால் போதும்” என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம்: “என் வீட்டுக் குப்பை, என் இஷ்டம்.”

வாசலைத் தாண்டும் வரைதான் அது உங்கள் குப்பை. பிரிஞ்சாங் சாக்கடையில் விழுவது பெர்த்தாம் ஆற்றோடு தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணைக்குப் பின்னால் வண்டலும் குப்பையும் குவிந்து, நீர் தேங்கும் இடம் சுருங்கிவிட்டது. வண்டலுக்கு மலையை வெட்டியதே பெரிய காரணம் என்பது உண்மைதான். அதற்காகக் குப்பைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. 2013 அக்டோபரில் கனமழையில் அணை நீரைத் திறந்துவிட்டபோது, கீழே பெர்த்தாம் வேலியில் உயிர்கள் போயின. மேலே இருப்பவர் இஷ்டத்துக்குக் கீழே இருப்பவர் விலை கொடுக்கிறார் என்றால், அங்கே சட்டம் தலையிடத்தான் வேண்டும்.

இரண்டாவது: “விழிப்புணர்வு போதும்.”

அதையும் செய்து பார்த்தாயிற்று. மறுசுழற்சி இயக்கம் 1993-இல் தொடங்கி, எடுபடாமல் போய், 2000-இல் மறுபடி தொடங்கப்பட்டது. சுவரொட்டி, பள்ளிப் போட்டி, வண்ணத் தொட்டி எல்லாம் வந்தன. 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் மறுசுழற்சி விகிதம் 10.5 சதவீதம்தான். ஏறத்தாழ இருபது வருஷம் நல்ல வார்த்தை சொன்னதற்குக் கிடைத்த பலன் அவ்வளவே.

மூன்றாவது: “பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒரே லோரியில்தானே போகிறது?”

பலமான வாதம் இதுதான். சட்டப்படி வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பகாங்கில் அந்தப் பொறுப்பு அலாம் ஃபுளோரா நிறுவனத்துடையது. எங்காவது இரண்டும் கலந்து ஏற்றப்பட்டால் அது விதிமீறல். விதி என்று ஒன்று இருப்பதால்தான் அதை மீறல் என்று சொல்லி முறையிட முடிகிறது. வெறும் நல்லெண்ணத்தில் நடக்கும் காரியத்துக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

இந்த ஊரின் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். லயத்து முனைத் தொட்டியில் மிச்சக் குழம்போடு கட்டிப்போட்ட பையின் கீழே ஓர் அட்டைப்பெட்டி கிடக்கிறது. ராத்திரி மழையில் ஊறி, காலையில் கையில் எடுத்தால் பிய்ந்து வருகிறது. அதைப் பழைய பேப்பர் லோரிக்காரர் தொடமாட்டார். அதே அட்டையை மடித்துக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் கிலோ கணக்கில் காசு. பிரிப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

நான்காவது: “சம்மன் ஏழைக்குத்தான் வரும்.”

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. தரைவீட்டுக்காரருக்கு முதல் முறை 50 வெள்ளி, அடுத்து 100, மூன்றாம் முறை 500. தோட்டச் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. பல குடும்பங்கள் ஒரே தொட்டியில் கொட்டும் இடத்தில், யார் பிரித்தார், யார் பிரிக்கவில்லை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. ஆனால் இதற்காகச் சட்டத்தையே எடுத்துவிட வேண்டியதில்லை. லயங்களில் இரண்டு தொட்டி, அவற்றுக்கு மேலே ஒரு கூரை, குறித்த நாளில் லோரி: இவற்றுக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும். அந்த வசதி வந்த பிறகே குடும்பத்துக்கு அபராதம்.

ஐந்தாவது: “சட்டம் வந்து என்ன கிழித்தது?”

2016-இல் 17.5 சதவீதமாக இருந்த தேசிய விகிதம் 2023-இல் 35.38 ஆனது. இதில் தொழிற்சாலைகளுக்கும் பழைய சாமான் வியாபாரிகளுக்கும் பெரிய பங்குண்டு. அத்தனையும் வீடுகளின் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். அதே நேரம், எல்லா மாநிலமும் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2015-இல் கட்டாயம் வந்தபோது, கம்போங் ராஜாவைத் தாண்டி ஈப்போ பாதையில் இறங்கினால் வரும் பேராக்கில் அது செல்லுபடியாகவில்லை. அரைகுறையாகப் போட்ட சட்டத்தைக் காட்டி, சட்டமே உதவாது என்று முடிவு கட்டுவது சரியில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அதே 2012 கணக்கெடுப்பின்படி, வீட்டுக் குப்பையில் 44.5 சதவீதம் உணவுக் கழிவு. தாள், பிளாஸ்டிக், டின் ஆகியவற்றைப் பிரிக்கச் சொல்லும் விதி, சோற்றையும் காய்த்தோலையும் மிச்சக் குப்பையோடு விட்டுவிடுகிறது. ஈரக் குப்பையை எரிப்பதற்கு எண்ணெய்ச் செலவு அதிகம். கேமரன் மலையின் எரியுலை போன்ற சின்ன உலைகள் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். தென் கொரியாவில் 1995 முதல், போடும் குப்பையின் அளவுக்கேற்பக் காசு கட்ட வேண்டும். 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கும் தடை வந்தது. காய்கறித் தோட்டம் சூழ்ந்த பிரிஞ்சாங்கில் மக்கிய உரத்துக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. ஆகவே சட்டம் 672-ஐத் தளர்த்தக் கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது, உணவுக் கழிவையும் அதில் சேருங்கள் என்பதைத்தான்.