நீலக் கண் கேட்ட சிறுமி

சென்ற கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன், அண்டை வீட்டுச் சிறுமி அழுத முகத்தோடு நம் வாயிற்படியில் வந்து அமர்ந்தாள். விழா நாடகத்தில் தேவதூதர் வேடம் அவளுக்கென்று இருந்தது. ஒத்திகையைக் காண வந்த பெரியவர் ஒருவர், “நிறம் சற்றுப் பளிச்சென்று இருந்தால் நன்றாயிருக்கும்” என்றாராம். மறுநாளே அவ்வேடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. “தாத்தா, ஆண்டவர் என்னை ஏன் இப்படிப் படைத்தார்?” என்று அவள் கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன வரலாற்றையே வாசக அன்பர்களுக்கும் சொல்லுகிறோம்.

அயர்லாந்தின் கடற்கரையிலுள்ள மில்லைல் என்னும் ஊரில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் எமி கார்மைக்கேல் அம்மையார். அவருடைய கண்கள் பழுப்பு நிறமானவை. நீலக் கண்களே அழகு என்று எண்ணிய அக்குழந்தை, ஜெபித்தால் ஆண்டவர் தருவார் என்று தாய் கூறியதை முழுமையாக நம்பி, ஓரிரவு நீலக் கண்களை வேண்டிக்கொண்டு உறங்கிற்று. விடிந்ததும் கண்ணாடியிடம் ஓடிற்று. கண்களோ பழுப்பாகவே இருந்தன! ‘இல்லை’ என்பதும் ஆண்டவர் தரும் ஒரு பதிலே என்று அன்று அக்குழந்தை அறிந்துகொண்டது. ஆயினும் அதன் காரணத்தை அறியவில்லை.

1895-இல் அவர் இந்தியாவுக்கு வந்து முதலில் பணியேற்ற இடம் நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூரே. மறு ஆண்டு திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று தமிழ் கற்றார். 1901-இல் ஒரு சிறுமி, கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படும் வாழ்விலிருந்து தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைப் போன்றோரைத் தேடிக் காப்பதே அதன்பின் அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. டோனாவூரில் அக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் எழுந்தது. அவர் புடைவை உடுத்தி, காப்பிச் சாற்றால் தம் மேனி நிறத்தை மாற்றிக்கொண்டு, பிறர் ஐயுறாவண்ணம் சென்று வந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மேனியின் நிறத்தை மாற்றலாம். கண்ணின் நிறத்தை எவ்வாறு மாற்றுவது? நீலக் கண்கள் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும். பழுப்புக் கண்களோ காத்தன. சிறுமியின் ஜெபத்துக்குக் கிடைத்த ‘இல்லை’, பல குழந்தைகளின் வாழ்வுக்கு ‘ஆம்’ ஆயிற்று.

நம் சிறுமி கூர்ந்து கேட்டாள். பிறகு, “அப்படியானால் என் நிறம் எதற்காக, தாத்தா?” என்றாள்.

நாம் திகைத்தோம். அதை நாம் அறியோம் என்றே அவளிடம் கூறினோம். படைத்தவரின் காரணங்களெல்லாம் நமக்குக் கூறப்படுவதில்லை. எமி அம்மையாரும் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் மறையும் வரை இருபது ஆண்டுகள் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். அதற்கு என்ன காரணம் காட்டுவது? படுத்தவாறே நூல்கள் எழுதினார். பிள்ளைகளுக்குத் தாயாகவே இருந்தார். காரணம் தெரிந்தபின் தம்மை ஏற்பது எளிது. தெரியாதபோதும், படைத்தவரை நம்பித் தம்மை ஏற்பதே விசுவாசம். தாயின் கருவில் தன்னை உருவாக்கியவருக்கு நன்றி கூறும் 139-ஆம் சங்கீதத்தைப் பாடும் நாம், அதை நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தும் பாட வேண்டாமா?

இவ்விடத்தில் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் மகனுக்குப் பெண் பார்த்த நாளில், “நிறம் கொஞ்சம் மட்டுதான்” என்று நாமும் சொல்லியிருக்கிறோம். அச்சொல் ஒரு பெண்ணின் செவியில் விழுந்திருக்கும். குயவரின் கைவேலையைப் பழித்தவர் குயவரையே பழித்தவராவார் என்று அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஊர் விட்டு வந்து, வேற்று மொழியினரிடையே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டுக் குறுகுவதற்கு வெளியிலேயே காரணங்கள் பல உண்டு. வீட்டிலும் நாம் ஒன்றைக் கூட்ட வேண்டா.

டோனாவூரில் எமி அம்மையாரின் கல்லறையின் மேல் பெயர் பொறித்த கல் இல்லை. அவர் விருப்பம் அது. பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது. தாயைக் குறிக்கும் சொல்லொன்று அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் கண்ணின் நிறத்தை அங்கே எவரும் எழுதி வைக்கவில்லை.