ஓர் இதழுக்கு மட்டும் ஆசிரியர்

கெய்ரோவில் 1997இல் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய ஹிந்தாவி என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தை, 2021 ஜனவரியில் அமெரிக்காவின் வைலி நிறுவனம் 29.8 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. மூன்று ஆண்டுகூட முடியவில்லை. 2023 டிசம்பரில் அந்தப் பெயரையே கைவிடப்போவதாக வைலி அறிவித்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஹிந்தாவி இதழ்கள் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றிருந்தன. உலகம் முழுவதும் அந்த ஆண்டு திரும்பப் பெறப்பட்டவையே பத்தாயிரத்துச் சொச்சம்தான். ஹிந்தாவி திரும்பப் பெற்றவற்றில் பெரும்பகுதி சிறப்பிதழ்களில் வெளியானவை.

அதன்பின் கல்வி வட்டாரத்தில் சிறப்பிதழ் என்றாலே சந்தேகம்தான். கெஸ்ட் எடிட்டராக, அதாவது ஒரு சிறப்பிதழுக்கு மட்டும் வெளியிலிருந்து அழைக்கப்படும் ஆசிரியராக, இருந்ததை ஒரு காலத்தில் தன்விவரக் குறிப்பின் மேல்பகுதியில் போட்டுக்கொண்டவர்கள், இன்று எந்த இதழ், எந்தப் பதிப்பகம் என்று கூடவே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தேகம் நியாயம்தான். ஆனால் இந்த வடிவத்தையே ஒழித்துக்கட்ட வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூறாண்டுகளுக்கு மேல் ஒழுங்காக நடந்துவந்த ஒரு வழக்கம் பத்தே ஆண்டுகளில் எப்படிக் கெட்டது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

தொடக்கத்தில் சிறப்பிதழ் என்பது பெரும்பாலும் பாராட்டு மலர். இயற்பியலாளர் ஹென்ட்ரிக் லோரென்ட்ஸ் டாக்டர் பட்டம் பெற்று 25 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 1900இல் 'ஆர்ஷிவ் நேர்லாந்தேஸ்' என்ற ஆய்விதழ் ஒரு தொகுதியையே அவருக்குக் காணிக்கையாக்கியது. நம் ஊர் மணிவிழா மலர் என்றால் பெரிய பெயர்களைத் துரத்திப் பிடித்து, அவர்கள் மேசை இழுப்பறையில் கிடந்ததை வாங்கிப் போடுவார்கள். கூடவே நாலு வாழ்த்துரை. பாரிஸிலிருந்து எழுதிய கணிதவியலாளர் ஆன்ரி புவாங்கரே அப்படிச் செய்யவில்லை. வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் விதியோடு லோரென்ட்ஸின் கோட்பாடு ஒத்துப்போகவில்லை என்ற தம் பழைய ஆட்சேபத்தையே எடுத்துக்கொண்டார். பாராட்டுத் தொகுதியில் இதைப் பேசுவது விநோதமாகப் படலாம் என்று முதலிலேயே ஒரு சமாதானமும் சொல்லிவைத்தார். நகர்ந்துகொண்டிருக்கும் பார்வையாளர்கள் ஒளிச் சமிக்ஞை அனுப்பித் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்ளும் யோசனை அந்தக் கட்டுரையில் இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரை வந்தது ஐந்து ஆண்டு கழித்து.

அந்த ஐன்ஸ்டைனுக்கு எழுபது வயது நிறைந்த 1949இல், 'ரிவ்யூஸ் ஆஃப் மாடர்ன் ஃபிசிக்ஸ்' ஜூலை இதழை அவருக்கென ஒதுக்கியது. இயற்பியலாளர் டிராக் எழுதினார். நம் எஸ். சந்திரசேகர் விண்மீன் கூட்டங்களின் இயக்கத்தைப் பற்றி எழுதினார். இவர்களுக்கு நடுவே ஒரு தர்க்கவியலாளர்: பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனோடு நடந்தபடியே பேசும் வழக்கமுடைய கர்ட் கோடல். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை மீறாமலேயே, சுழலும் பிரபஞ்சம் ஒன்று சாத்தியம் என்றும், அதில் ஒருவர் தம் சொந்தக் கடந்தகாலத்துக்கே போய்ச் சேரும் பாதைகள் உண்டு என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். பிறந்தநாளுக்கு வந்தவர் பிறந்தநாள்காரரின் கோட்பாட்டிலேயே இப்படி ஒரு சங்கடத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். வழக்கமான இதழ் ஒன்று தர்க்கவியலாளரிடம் பிரபஞ்சவியல் கட்டுரை கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

இவையெல்லாம் பெரியவர்களுக்கு எடுத்த விழாக்கள். விழா நாயகர் யாரும் இல்லாமல், ஒரு கேள்விக்காகவே ஓர் இதழை இன்னொருவர் கையில் கொடுத்ததற்கு நான் எப்போதும் சுட்டுவது 1925 மார்ச் மாத 'சர்வே கிராஃபிக்'. அது கறாரான ஆய்விதழ் இல்லை. சமூகப்பணித் துறையினரும் சீர்திருத்தக்காரர்களும் படித்த அமெரிக்க ஏடு. ஆனால் ஒரு துறையின் அறிவுப் போக்கை அதைவிட அதிகமாக மாற்றிய சிறப்பிதழைச் சொல்வது கடினம்.

முந்தைய ஆண்டு மார்ச் 21 அன்று நியூயார்க் சிவிக் கிளப்பில் ஒரு விருந்து. கறுப்பின எழுத்தாளர் ஜெஸ்ஸி ஃபாஸெட்டின் புதிய நாவலை ஒட்டி, 'ஆப்பர்ச்சூனிட்டி' ஏட்டின் ஆசிரியர் சார்லஸ் எஸ். ஜான்சன் ஏற்பாடு செய்தது. இளம் கறுப்பினக் கவிஞர்களும் வெள்ளைப் பதிப்பாளர்களும் ஒரே கூடத்தில். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த அலன் லாக். வந்திருந்தவர்களில் 'சர்வே கிராஃபிக்' ஆசிரியர் பால் கெல்லாக்கும் ஒருவர். அந்த விருந்தின் தொடர்ச்சியாக நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம் பற்றி முழு இதழ் ஒன்று திட்டமானது. அதைத் தொகுக்கும் பொறுப்பு லாக்கிடம் போனது. வேலை முடிந்து இதழ் வெளிவர ஏறக்குறைய ஓராண்டு.

அந்தப் பொருளடக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தாலும் பொறாமையாக இருக்கும். டு போய்ஸ், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் போன்ற நிலைபெற்றவர்கள் ஒரு பக்கம். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கவிஞர்கள் லாங்ஸ்டன் ஹியூஸும் கவுன்ட்டி கல்லனும் மறுபக்கம். மானுடவியலாளர் மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் இருந்தார். எலிஸ் மெக்டூகல்ட் என்ற பள்ளி நிர்வாகி, நியூயார்க்கின் கறுப்பினப் பெண்கள் இனத்துக்காகவும் பாலினத்துக்காகவும் சேர்த்துச் சுமக்கும் இரட்டைப் பாரத்தைப் பற்றி எழுதினார். கறுப்பினத்தவரின் வரலாறு பற்றிய கட்டுரையை எழுதியவர் பேராசிரியர் இல்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் ஒரு வங்கியில் வேலை பார்த்தபடி, கறுப்பினத்தவர் எழுதிய நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ஆர்துரோ ஷோம்பர்க். அவருடைய சேகரிப்பை மறு ஆண்டு நியூயார்க் பொது நூலகத்துக்காக 10,000 டாலருக்கு வாங்கினார்கள். கெல்லாக் நல்ல ஆசிரியர்தான், ஆனால் இந்தப் பட்டியலை அவரால் போட்டிருக்க முடியாது. ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் நம்பிக் கொடுக்கவும் வேண்டும். சிறப்பிதழுக்கு வெளியிலிருந்து ஆசிரியரை அழைப்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நல்ல காரணம் இதுதான்.

இதழ் 40,000க்கும் மேல் விற்றது; மறுபதிப்புப் போட வேண்டியிருந்தது. அந்த ஜூன் மாதம் ஹோவர்டு நிர்வாகம் லாக்கை வேலையிலிருந்து நீக்கியது. ஆண்டு முடிவதற்குள் அவர் இதழை விரித்து 'த நியூ நீக்ரோ' என்ற நூலாக்கிவிட்டார்.

லாக் மீது குறைகளும் உண்டு. மார்கஸ் கார்வியின் கறுப்பினப் பெருந்திரள் இயக்கத்துக்கு அந்தத் தொகுப்பில் உரிய இடமில்லை என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சொல்கிறார்கள். கிளாட் மெக்கேயின் 'த வைட் ஹவுஸ்' கவிதை, அதிபர் மாளிகையைக் குறிப்பதாகப் படும் என்று பயந்து, 'வைட் ஹவுசஸ்' ஆக்கப்பட்டது. கவிஞரைக் கேட்காமலே. மெக்கே கொதித்துப் போனார். ஒரே ஒரு முறை ஆசிரியர் நாற்காலியில் உட்காருகிறவருக்கு, கூப்பிட்ட வீட்டாரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற பயம் நிரந்தர ஆசிரியரைவிட அதிகமாகவே இருக்கும்.

தலைப்பைப் பிடித்துக்கொண்டு கட்டுரைகளைத் தேடுவதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. 1996இல் 'சோஷியல் டெக்ஸ்ட்' ஏடு அறிவியல் சண்டைகள் என்ற பொருளில் இரட்டை இதழ் கொண்டுவந்தது. இயற்பியலாளர் ஆலன் சோக்கல் வேண்டுமென்றே அபத்தங்களை அடுக்கி எழுதிய கட்டுரை அதில்தான் வெளியானது. சோக்கலின் சாகசத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது, கட்டுரை முதலில் வந்தபோது ஆசிரியர்களுக்கே அது திருப்தி தரவில்லை என்பது. திருத்தச் சொன்னார்கள், அவர் மசியவில்லை, கட்டுரை ஓரமாகக் கிடந்தது. சிறப்பிதழ் திட்டம் வந்த பிறகு, அந்தப் பக்கங்களில் ஓர் இயற்பியலாளரின் குரலும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று பட்டது. இடம் கிடைத்துவிட்டது. அந்த ஏட்டில் அப்போது வெளி மதிப்பீட்டாளர்களிடம் அனுப்பும் முறையும் கிடையாது.

ஆனாலும் ஹிந்தாவிக்கு நேர்ந்தது இந்த ரகம் இல்லை. அதன் வேர் பணத்தில் இருக்கிறது. நூலகங்கள் சந்தா கட்டி இதழ்களை நடத்திய காலத்தில் கூடுதல் பக்கம் பதிப்பகத்துக்குக் கூடுதல் செலவு. சிறப்பிதழ் வேண்டும் என்று போய் நின்றால் யோசித்துத்தான் தலையாட்டுவார்கள். வாசகர் இலவசமாகப் படிக்கட்டும், எழுதுகிறவர் கட்டணம் கட்டட்டும் என்று ஏற்பாடு மாறியதும் கணக்குத் தலைகீழானது. கட்டுரை கூடக்கூட வரவு. சம்பளமில்லாத கெஸ்ட் எடிட்டர் ஒருவரைப் பிடித்தால், அவரே தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். விருந்தாளியை அழைத்துச் சமையலறைச் சாவியையும் கல்லாப்பெட்டியையும் சேர்த்துக் கொடுத்ததுபோல ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் எம்.டி.பி.ஐ. பதிப்பகத்தின் சுற்றுச்சூழல்–பொதுச் சுகாதார இதழ் ஒன்று 2022இல் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெளியிட்டது. அடுத்த மார்ச்சில் ஆய்விதழ்களை அட்டவணைப்படுத்தும் 'வெப் ஆஃப் சயன்ஸ்' அதைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கியது.

இப்படித் திறந்து கிடந்த வாசலில் கட்டுரை ஆலைகள் நுழைந்தன. பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துத் தரும் கூட்டங்கள் இவை. பழைய, மதிப்புள்ள பதிப்பகங்களும் தப்பவில்லை. ஸ்பிரிங்கரின் 'ஜர்னல் ஆஃப் நானோபார்ட்டிக்கிள் ரிசர்ச்' இதழுக்குச் சில அறிஞர்கள் பெயரில் சிறப்பிதழ் முன்மொழிவு ஒன்று வந்தது. பெயர்கள் நிஜம். பல்கலைக்கழக முகவரிபோலவே தோன்றிய மின்னஞ்சல்கள் போலி. தரங்கெட்ட கட்டுரைகள் சில அச்சேறிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 2020இல் இதழே அதை வெளிப்படையாக எழுதியது. மறு ஆண்டு எல்செவியரின் ஒரு கணினி இதழில், சிறப்பிதழ்க் கட்டுரைகளில் 'ஆர்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' என்று இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் கில்லோம் கபனாக்கும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்தனர். திருட்டு தெரியாமலிருக்க ஏதோ ஒரு மென்பொருளில் போட்டுச் சொற்களை மாற்றியிருக்கிறார்கள். மதிப்பீட்டாளர் என்று ஒருவர் அதைப் படித்திருந்தால் முதல் பத்தியிலேயே சிரித்திருப்பார்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலில் தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் பெயர்களும் வருகின்றன. பதவி உயர்வு, ஊக்கத்தொகை, தரவரிசை என எல்லாவற்றுக்கும் கட்டுரை எண்ணிக்கையைக் கேட்டால் வேறென்ன நடக்கும்? முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற விதியை யு.ஜி.சி. 2022இல் கைவிட்டது. கல்லூரி நிர்வாகங்களின் கணக்குப் புத்தகம் அப்படியேதான் இருக்கிறது. தொழில்நுட்பத் துறைப் பேராசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள்: தமக்குச் சம்பந்தமே இல்லாத துறையில் சிறப்பிதழ் தொகுத்துத் தரும்படி, மாண்புமிகு அறிஞரே என்று விளித்து வரும் மின்னஞ்சல்களைக் காட்டுவார். லாக்குக்கு அழைப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது. இந்த மின்னஞ்சல்களுக்கு முகவரிப் பட்டியல் மட்டும் போதும்.

சரிசெய்யும் வேலை தொடங்கியிருக்கிறது. திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. அடைவு, சிறப்பிதழுக்கும் தலைமை ஆசிரியரே பொறுப்பு என்கிறது. கெஸ்ட் எடிட்டரின் சொந்தக் கட்டுரைகள் இதழில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. கால் பங்கே தாராளம் என்பது என் எண்ணம். ஒரு கட்டுரை, அதுவும் வேறொருவர் கையாண்டது, போதும்.

விதிகளைவிட நான் அதிகம் நம்புவது முன்மொழிவுக் கட்டத்தை. நல்ல முன்மொழிவு இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். என்ன கேள்வி, ஏன் இப்போது, ஏன் இந்த இதழில் என்பது முதல் பக்கம். எழுத ஒப்புக்கொண்டவர்களும் அவர்களின் சுருக்கங்களும் அடுத்தது. பொது அழைப்பு விடப்படுமா, யார் மதிப்பிடுவார்கள், எப்போது முடியும் என்பது மிச்சம். ஒன்றரை ஆண்டுக்குக் குறைவாகக் கெடு போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பட்டியலில் எல்லோரும் ஒரே வழிகாட்டியின் மாணவர்களாக இருந்தால் இன்னும் வரும். கேள்விக்கு எதிர்நிலையில் நிற்கும் ஒருவராவது அதில் இருக்கிறாரா என்று தேடுவேன். புவாங்கரேக்கள் தானாக வந்து சேர்வதில்லை, அழைக்க வேண்டும்.

நான் பார்த்த முன்மொழிவுகளில் எழுதாமல் விடப்படுவது ஒன்று உண்டு. பத்துக் கட்டுரை எதிர்பார்த்து நான்கு மட்டும் தேறினால் என்ன செய்வது? இதற்கு ஆசிரியர் குழு முன்கூட்டியே பதில் சொல்லிவிட வேண்டும்: நான்கோடு வெளியிடலாம், வழக்கமான இதழுக்குள் தனிப் பகுதியாகப் போடலாம், ஒன்றும் தேறாவிட்டால் கைவிட்டும்விடலாம். அச்சுக்கூடத்துக்குப் பக்கக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த காலத்தில் இது சிக்கல்தான். இணையத்தில் வரும் இதழுக்கு நிரப்ப வேண்டிய பக்கம் என்று எதுவுமே கிடையாது.