ஹலால் என்ற பலகை மட்டும் போதுமா?

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு தம்பி என்னை நிறுத்தினார். துபாயில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டீஸை நீட்டினார்.

மேலே பிஸ்மில்லாஹ். கீழே கொட்டை எழுத்தில் விளம்பரம்: ஒரு லட்சம் போட்டால் மாதம் மூவாயிரம்; வட்டி அல்ல, ஹலால் லாபம்; முதலுக்கு முழு உத்தரவாதம்!

"துபாயில் இஸ்லாமிய வங்கியிலதான் கணக்கு வெச்சிருந்தேன். இங்கே அப்படி ஒண்ணு இல்ல. அதுக்குப் பதிலா இதுல போடலாமா ஹஜ்ரத்?"

உடனே பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு நிறுவனத்துக்காக நானே மேடையில் பேசியிருக்கிறேன். தாடியும் தொப்பியுமாக வந்தார்கள். வட்டியின் கொடுமையைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசினார்கள். நான் கணக்கைக் கேட்கவில்லை, பதிவைக் கேட்கவில்லை. என் பேச்சை நம்பி மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போட்ட ஒரு தாய், கடை மூடப்பட்ட பிறகு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீங்களே ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் காதில் கேட்கிறது. அந்தக் கடனை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி

வங்கி என்றாலும், சங்கம் என்றாலும், பங்குத் தொழில் என்றாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: நஷ்டம் வந்தால் அது யாருடையது?

நபித்தோழர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் மக்கள் பணத்தைப் பாதுகாக்கக் கொண்டுவந்து தருவார்கள். அதை அமானிதமாக வாங்க அவர்கள் சம்மதிக்கவில்லை. "கடனாகத் தாருங்கள்" என்பார்கள். அமானிதம் தவறிப்போனால் கொடுத்தவருக்கு நஷ்டம். கடன் என்றால் வாங்கியவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும். அவர்கள் மறைந்த பின் மகன் அப்துல்லாஹ் (ரலி) சொத்தை விற்றுக் கடன்களை அடைத்தார்கள். நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், என் தந்தையிடம் கடன் வரவேண்டியவர் யாரேனும் உண்டா என்று அறிவித்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு பிரித்தார்கள்.

ஆக, பிறர் பணம் நம் கைக்கு மூன்று வழிகளில் வரலாம். அமானிதமாக வரலாம், கடனாக வரலாம், லாப நஷ்டத்துக்கு உட்பட்ட பங்காக வரலாம். ஒவ்வொன்றிலும் நஷ்டத்தைச் சுமப்பவர் வேறு. உலக நாடுகளின் வங்கி அமைப்புகள் வேறுபடுவதன் முக்கியமான காரணமும் இதில்தான் இருக்கிறது.

நாட்டுக்கு நாடு

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான வங்கிகள். 1930களின் தொடக்கத்தில் வங்கிகள் வரிசையாகச் சரிந்ததால் 1933இல் வைப்புத்தொகைக் காப்பீட்டை ஏற்படுத்தினார்கள். இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை பாதுகாப்பு. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அந்த வரம்புக்கு மேல் போட்டவர்களையும் அரசு காப்பாற்றியது.

ஜெர்மனியில் வேறு மாதிரி. தனியார் வங்கிகள் ஒரு பக்கம். நகராட்சிகளும் மாவட்டங்களும் பின்னிருக்கும் சேமிப்பு வங்கிகள் ஒரு பக்கம். உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு வங்கிகள் இன்னொரு பக்கம்.

மலேசியாவில் ஹஜ்ஜுக்குப் பணம் சேர்ப்பவர்கள் வட்டியில் கை நனைக்காமல் இருக்க 1963இலேயே ஒரு சேமிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தாபுங் ஹாஜி. 1983இல் இஸ்லாமிய வங்கிக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். 2013இல் வந்த புதிய சட்டம் பணத்தை இரண்டு கூடைகளாகப் பிரித்தது. ஒன்று வைப்புத்தொகை, அதற்குக் காப்பீடு உண்டு. மற்றது முதலீட்டுக் கணக்கு. லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டத்தையும் ஏற்க வேண்டும், காப்பீடு கிடையாது. எது எந்தக் கூடை என்பது பணம் போடும்போதே தெரியும்.

பிரிட்டனில் 2004இல் ஓர் இஸ்லாமிய வங்கிக்கு அனுமதி தந்தார்கள். அங்கேயும் இதே சிக்கல் எழுந்தது. வைப்புத்தொகை என்றால் முதல் முழுதாகத் திரும்ப வேண்டும் என்றது சட்டம். லாப நஷ்டப் பங்கில் முதலுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது மார்க்கம். கடைசியில் ஒரு வழி கண்டார்கள்: நஷ்டம் வந்தாலும் முழுத் தொகையைத் தர வங்கி முன்வர வேண்டும்; மார்க்கக் காரணத்துக்காக வேண்டாம் என்று மறுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுதான் அது!

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 2005இல் வங்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2011இல் அமானா வங்கி திறக்கப்பட்டது. முஸ்லிம் நாடாக இருந்தால்தான் முடியும் என்று சொல்வோருக்கு இந்த இரண்டு நாடுகளுமே பதில்.

நம் நாட்டில் என்ன தடை?

நம் நாட்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949இல் வந்தது. பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி, அதைக் கடனாகவோ முதலீடாகவோ கொடுத்து, கேட்டபோது திருப்பித் தருவதே வங்கித் தொழில் என்கிறது அது. திருப்பித் தர வேண்டும் என்பதால் நாம் போடும் பணம் வங்கிக்கு நாம் தரும் கடன். அதைப் பங்கு ஆக்க முடியாது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு வங்கி சரக்கு வாங்கி விற்கும் வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. இஸ்லாமிய வங்கியோ சரக்கை வாங்கி, லாபம் வைத்து, தவணைக்கு விற்கும் முறையில்தான் பெரும்பாலும் நடக்கிறது. இந்த இரண்டு பூட்டுகளும் நமக்காகப் போடப்பட்டவை அல்ல. வங்கி சூதாடி மக்கள் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காகப் போடப்பட்டவை. 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டு, 1962இல் நம் நாட்டிலும் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அந்தப் பாதுகாப்பு உண்டு. இதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பூட்டைத் திறக்கவே கூடாதா? ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யுங்கள் என்றது. ரிசர்வ் வங்கி அமைத்த தீபக் மொஹந்தி குழு 2015இல் சாதாரண வங்கிகளிலேயே வட்டியில்லாச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017இலோ, இத்திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று தகவல் அறியும் உரிமை மனு ஒன்றுக்கு ரிசர்வ் வங்கி பதில் தந்தது. எல்லாருக்கும் வங்கி வசதி கிடைக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம்.

வசதி கிடைக்கிறதா? கடலூர் முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் சிறு கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்தாயிரம் தண்டல் என்றால் கைக்கு வருவது எட்டாயிரத்து ஐந்நூறு. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது நூறு விழுக்காட்டுக்கு மேல் வட்டி! 2011 டிசம்பரில் தானே புயலும், 2015இல் வெள்ளமும் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது கடையில் இருந்த சரக்கு போயிற்று. தண்டல்காரரின் கணக்கு மட்டும் போகவில்லை. வங்கிக் கணக்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கடன் தொகையில் முஸ்லிம்களின் பங்கு மிகக் குறைவு என்பதை 2006இல் சச்சார் குழுவே எடுத்துக் காட்டியது. வங்கி வட்டி ஹராம் என்று ஒதுங்கி, கந்து வட்டியில் போய் விழுவது என்ன தக்வா? சிந்திக்க வேண்டாமா?

இடைவெளியில் நுழைபவர்கள்

இந்த இடைவெளியில்தான் 'ஹலால்' பலகைகள் நுழைகின்றன. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. விதவைகளின் சேமிப்பும், வளைகுடா வியர்வையும் அதில் போயின.

இப்போது அந்த நோட்டீஸை நம் கேள்வியால் உரசிப் பாருங்கள். நஷ்டம் யாருடையது? முதலுக்கு உத்தரவாதம் என்றால் அது பங்கு அல்ல, கடன். கடனுக்கு மாதம் மூவாயிரம் என்று முன்கூட்டியே முடிவு செய்தால் அதற்கு என்ன பெயர்? சின்ன மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். மார்க்கப்படி அது வட்டி. சட்டப்படி அது வங்கியும் அல்ல, காப்பீடும் இல்லை. முறைப்படுத்தப்படாமல் வைப்புத்தொகை திரட்டுவதை 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியும் இருக்கிறது. தீனும் இல்லை, துனியாவும் இல்லை!

நம் கையில் உள்ளவை

ஒன்று, பைத்துல்மால். நம் ஊர்கள் பலவற்றில் நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். அதை வலுப்படுத்துவோம். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவோம். ஆனால் நன்கொடையில் நடக்கும் பைத்துல்மாலை வைப்புத்தொகை வாங்கும் இடமாக ஆக்கிவிடாதீர்கள்.

இரண்டு, கூட்டுறவு. இது நமக்கு அந்நியமானதல்ல. சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன் ஜெர்மனியின் ரைபைசன் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1890களில் தந்த அறிக்கை கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழி வகுத்தது. சட்டம் வந்த 1904ஆம் ஆண்டிலேயே காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. ஜெர்மனியின் யோசனை காஞ்சி நெசவாளர் ஊருக்கு வர முடிந்ததென்றால், வட்டியில்லாச் சங்கம் கடலூருக்கு வரக் கூடாதா? பாட்னாவில் அல்-கைர் கூட்டுறவுச் சங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்துக் காட்டியிருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை: வங்கிக்கு உள்ள ஐந்து லட்சக் காப்பீடு கடன் சங்கத்துக்குக் கிடையாது. நிர்வாகிகளின் நாணயமும், உறுப்பினர்களின் கண்காணிப்புமே அதன் காப்பீடு.

மூன்று, கோரிக்கை. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம் கேட்போம். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம். முஸ்லிம்களுக்குச் சலுகை என்று கேட்க வேண்டாம். தண்டலில் மாட்டிய ஒவ்வொரு சிறு வியாபாரிக்கும் இன்னொரு வாசல் வேண்டும் என்று கேட்போம்.

அதுவரை? பாதுகாப்புக்கும் வியாபார வரவு செலவுக்கும் வங்கியில் கணக்கு வையுங்கள். சேரும் வட்டியை என்ன செய்வது என்று உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். யாராவது முதலீடு என்று வந்தால், ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு இல்லாதவரைப் பற்றி அங்கேயே புகாரும் தரலாம். கூட்டாகத் தொழில் செய்தால் எழுதிக்கொள்ளுங்கள். இறைமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான். தொழுகைக்கும் நோன்புக்கும் கூட அவ்வளவு நீண்ட வசனம் இல்லை!

அந்தத் தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "நோட்டீஸ் கொடுத்தவர்கிட்ட போய், நஷ்டம் வந்தா யாருக்குன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க தம்பி" என்றேன். மறு வாரம் வந்தார். "நஷ்டமே வராது பாய்னு சொல்றாங்க ஹஜ்ரத்" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

நஷ்டமே வராத வியாபாரம் இந்த உலகில் இல்லை. இருக்கிறது என்று சொல்பவர், அந்த நஷ்டத்தை உங்கள் தலையில் கட்டப்போகிறவர். சகோதரர்களே, பலகையைப் பார்த்து ஏமாந்தது போதும். என்னைப் போன்றவர்கள் மேடையில் சொன்னாலும் கணக்கைக் கேளுங்கள்!