“ஒன்றுமில்லை” என்னும் தீர்ப்பு

“உங்களுக்கு ஒன்றுமில்லை, மாஸ்டர். வீணாக யோசிக்காதீர்கள்.”

கடந்த நான்கு ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டோம் என்று நாம் எண்ணி வைக்கவில்லை. அரசாங்க வைத்தியசாலையின் வாங்கிலே விடியற்காலை தொட்டுக் காத்திருந்தும் கேட்டோம். மாலையிலே காசு கட்டி இலக்கம் எடுத்துத் தனியார் நிலையத்திலும் கேட்டோம். எமது துன்பம் ஒரு காய்ச்சலோடு தொடங்கியது. காய்ச்சல் போயிற்று, களைப்புப் போகவில்லை. மூன்றாம் பாடவேளையில் வெண்கட்டி பிடித்த கை தளர்ந்து விடுகிறது. இரவு முழுவதும் உறங்கினாலும் உறங்காதவனைப் போலவே எழுகிறோம். விளையாட்டுப் போட்டியன்று வெயிலிலே நின்றால் அடுத்த இரண்டு நாட்களும் படுக்கையிலே கழிகின்றன. இரத்தம், சிறுநீர், இருதயம், ஸ்கான் என்று வீட்டிலே ஒரு கோவை நிறைந்துவிட்டது. அதிலுள்ள எண்கள் யாவும் ஒழுங்காக இருக்கின்றன. நாம்தாம் ஒழுங்காக இல்லை.

இரக்கம் தேடி இதனை எழுதவில்லை. அந்த வாக்கியத்தோடு எமக்கு ஒரு வழக்கு உண்டு.

“எமது சோதனைகளிலே ஒன்றும் தென்படவில்லை” என்பது ஒரு கூற்று. “உமக்கு ஒன்றுமில்லை” என்பது முற்றிலும் வேறான கூற்று. முன்னையது சோதனையைப் பற்றியது. பின்னையது மனிதனைப் பற்றியது. முன்னையது விஞ்ஞானம், பின்னையது அதிகாரம். வலையிலே மீன் படவில்லை என்பதற்காகக் கடலிலே மீனே இல்லை என்று எந்தக் கடற்றொழிலாளியாவது சொல்வானா? வலைக்கண்ணின் அளவைப் பார்ப்பான், நீரோட்டத்தைப் பார்ப்பான், மறுநாளும் வருவான்.

அதிகாரம் விஞ்ஞானத்தின் வேடம் புனைந்து நின்றதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. 1955ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டன் ரோயல் ஃபிறீ வைத்தியசாலையில் ஒரு நோய் பரவியது. சில மாதங்களுள் 292 ஊழியர் அதற்கு ஆளாயினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். வைத்தியசாலையையே சில வாரங்கள் மூடவேண்டியதாயிற்று. நோய்வாய்ப்பட்டோரிலே வைத்தியரும் தாதியரும் இருந்தனர். தம் உடலிலே நிகழ்வதை விவரிக்கத் தெரியாதவர்களல்லர். ஆயினும் 1970இல் இரு உளமருத்துவர்கள் ஒரு நோயாளியையேனும் நேரிற் பரிசோதியாது, பழைய கோவைகளை மட்டும் புரட்டிவிட்டு, இது கூட்டு வெறிநோய் என்று பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையிலே எழுதினர். அவர்கள் காட்டிய முக்கிய நியாயங்களுள் ஒன்று யாது? ஆண்களிலும் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர் என்பது! பெண்ணாயிருத்தலே நோய் பொய் என்பதற்குச் சான்றாயிற்று.

இத்தகைய நாட்பட்ட களைப்பு நோய் உடல் முழுவதையும் தாக்கும் கடும் நோயே என்று அமெரிக்க மருத்துவ நிறுவகம் அறிக்கை வெளியிட்டது 2015இல். நோயாளரைப் படிப்படியாக உடற்பயிற்சி செய்யத் தூண்டும் சிகிச்சையைப் பிரித்தானியாவின் சுகாதார வழிகாட்டி கைவிட்டது 2021இல். 1955இலிருந்து கணக்கிட்டால் அறுபத்தாறு ஆண்டுகள். எமது நோயும் அதுவே என்று நாம் வாதிடவில்லை. அது எதுவென்று எமக்குத் தெரியாது. கொரோனாவின் பின் நீடித்த நோய்க்கு 2020இல் முதலிற் பெயர் சூட்டியவர்களும் நோயாளரே. உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு வரைவிலக்கணம் வகுத்தது அடுத்த ஆண்டில்.

எமது நாட்டுக்கே வருவோம். வடமத்திய மாகாணத்து விவசாயிகளைக் கொல்லும் சிறுநீரக நோய் 1990களில் இனங்காணப்பட்டது. அதன் காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. அந்நோய்க்கு மருத்துவ உலகம் இட்ட பெயரே “காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்” என்பதாகும். அறியாமையைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டார்கள். சிகிச்சை நிலையங்கள் அமைந்தன; குடிநீர்த் திட்டங்கள் வந்தன. அவை போதுமா என்பது வேறு கேள்வி. காரணம் தெரியாததால் அந்த விவசாயிக்கு ஒன்றுமில்லை என்று எவரும் சொல்லவில்லை. ஏனெனில் அவனுடைய இரத்தப் பரிசோதனையிலே ஓர் எண் ஏறி நிற்கிறது. எண் ஏறினால் அறியாமை விஞ்ஞானத்தின் குறை. எண் ஏறாவிட்டால் அறியாமை நோயாளியின் குற்றம். இது என்ன நீதி?

இந்த நீதி எல்லோர் மீதும் ஒரே பாரமாக விழுவதில்லை. வசதி படைத்தவன் “ஒன்றுமில்லை” என்ற சொல்லைக் கேட்டால் இன்னொரு நிபுணரிடம் போகிறான். மலையகத்திலே உடல் தளர்ந்து, குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கமாட்டாத பெண்ணுக்கு விழுவது அரைப்பேர். லீவு விண்ணப்பத்திலே நோயின் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பெயரில்லாத நோவுக்கு அங்கே இடமில்லை. உழைப்பை நிறுத்துப் பார்க்கும் சமுதாயம் நோவையும் சான்றிதழ் கேட்டே நம்புகிறது.

மருந்தென்றதும் வள்ளுவரை இழுக்காத மேடை எமது நாட்டில் இல்லை. மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர் முதற்கூறாக வைத்தது நோயாளியை; வைத்தியனை இரண்டாவதாகவே வைத்தார். ஆனால் அந்நோயாளிக்கு வேண்டியவை நான்கு என்று விரித்த பரிமேலழகர், அவற்றுள் முதலாவதாகப் பொருளுடைமையைச் சொன்னார். நோயின் நிலையை எடுத்துணர்த்துவது மூன்றாவதாகவே வந்தது. உரையாசிரியர் தம் காலத்து உண்மையைச் சொன்னாரென்க. எம் காலத்திலும் அது பொய்த்துவிட்டதா?

வைத்தியர்களைப் பகைக்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. இலவச மருத்துவம் இந்நாட்டு மக்களின் பெருஞ் செல்வம். 2022இன் நெருக்கடியிலே மருந்தின்றியும், சக வைத்தியர் பலர் கடல் கடந்த பின்னரும், வெளிநோயாளர் பிரிவிலே நெரியும் கூட்டத்தைப் பார்த்தவர்களை நாம் அறிவோம். ஆனால் “எனக்குத் தெரியவில்லை, மூன்று மாதத்தில் மீண்டும் வாருங்கள்” என்று சொல்ல, “ஒன்றுமில்லை” என்று சொல்வதிலும் எவ்வளவு நேரம் கூடுதலாக வேண்டும்? மனநோயை இழிவாகக் கருதியும் நாம் பேசவில்லை. மனநோயும் நோயே, அதனையும் ஆராய்ந்தே கண்டறிய வேண்டும். விளங்காதவற்றை எல்லாம் கொட்டும் குப்பைத் தொட்டியாக அதனை ஆக்குவது மனநோயாளருக்கும் இழைக்கும் அநீதி. “ஒன்றுமில்லை” என்று வெளியே அனுப்பப்பட்டவன் வீட்டுக்குப் போவதில்லை. நூல் கட்டுபவனிடமும், எந்த நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்பவனிடமும் போகிறான். பகுத்தறிவு பேசும் நாம் அவனை நகைக்கிறோம். அவனை அங்கே துரத்தியது எது?

இனி எம்மைப் பற்றியும் சொல்லவேண்டும். நாம் நோயுறுவதற்கு முந்திய ஆண்டில் பத்தாம் வகுப்பிலே ஒரு மாணவி மேசையிலே தலை சாய்த்து விடுவாள். உடம்பு இயலவில்லை என்றாள். வைத்தியர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் என்று அவளுடைய தாயாரே வந்து கூறினார். அது எமக்குப் போதுமாயிருந்தது. பாடம் முடியும்வரை அவளை எழுப்பி நிறுத்தினோம், ஒரு நாளல்ல. அடுத்த தவணை அவள் வரவில்லை. சுரண்டலைப் பற்றிக் கூட்டங்களிலே பேசிய அதே வாயால் அவளைச் சோம்பேறி என்றோம். ஆசிரியர் ஓய்வறையிலே இன்று எம்மைச் சுட்டி “வேலைக்கள்ளன்” என்று தோழர்கள் முணுமுணுக்கும்போது, அந்தக் குரலை நாம் நன்கு அறிவோம். அது முன்னர் எமது குரல்.

ஆகவே எமது கோரிக்கைகள் எளியவை. நோயாளியின் கிளினிக் கொப்பியிலே “காரணம் இன்னும் அறியப்படவில்லை” என்று எழுதுங்கள். அதன் கீழே மறுமுறை வரவேண்டிய திகதியை எழுதுங்கள். அந்த வரியை லீவுக்கும் இலகு வேலைக்கும் போதிய சான்றாக ஏற்கும்படி ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் போராடட்டும். சம்பளத்துக்காகப் போராடத் தெரிந்த எமக்கு இது முடியாததல்ல.

அதற்கு முன்னரே ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளைக் காலை வகுப்பிலே ஒரு பிள்ளை மேசையிலே தலை சாய்த்தால், எழுந்து நில் என்று சொல்லாதீர்கள். என்ன செய்கிறது என்று கேளுங்கள், சொல்வதை நம்புங்கள்.