சேட்டை அல்ல, நோய்!

சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண் நோய் தீர நேர்ந்துகொண்டு கண்மலர் சாத்துவது வழக்கம். ஆனால் ஓயாமல் கண் சிமிட்டும் பிள்ளைக்கெல்லாம் கண்ணில்தான் கோளாறா?

கண் சிமிட்டல், தோள் குலுக்கல், அதோடு தொண்டைக் கனைப்பு, திடீர்ச் சத்தம்... ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது 'டூரெட்' நோயாக இருக்கலாம். 1885-ல் பிரெஞ்சு டாக்டர் கில் டி லா டூரெட் விவரித்த மூளை நரம்புக் கோளாறு இது. பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல. தும்மல் மாதிரி, கொஞ்ச நேரம் அடக்கலாம். அப்புறம் வந்தே தீரும்.

இது தெரியாமல் வீட்டிலே "சேட்டை பண்ணாதேடா" என்று அடி. பள்ளியிலே பெஞ்சு மேல் ஏற்றம். "பேய் பிடிச்சிருக்கு" என்று வேப்பிலை அடி வேறு! அடித்தால் நிற்குமா? பயந்தால் இன்னும் கூடும்.

நேர்த்திக்கடன் செலுத்துங்கள், யார் வேண்டாம் என்றது? கையோடு, 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். உந்துதல் வரும்போது வேறு அசைவால் சமாளிக்கப் பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அடியோடு குணமாக்கும் மருந்து இல்லைதான். ஆனால் பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும்.

அதுவரை பிள்ளை படிப்பை விடாமல் இருக்க வேண்டாமா? வாத்தியார்கள் முதலில் பிரம்பைக் கீழே போடட்டும்!