லாபக் கணக்கும் ஊர்க் கணக்கும்

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் என்றொரு சிறு நாடு இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களும் ஆடு வளர்க்கும் குடியானவர்களும் உழைத்து உருவாக்கிய மலை நாடு. அதன் நடுவே, ஸ்ரூஸ்பரியிலிருந்து ஸ்வான்ஸீ வரை ஒரு ரயில் பாதை போகிறது. பல சிறு ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தில் நின்று கையைக் காட்டினால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டுமானால் முன்கூட்டியே கார்டிடம் சொல்ல வேண்டும்.

உல்லாசப் பயணிகள் இந்த வண்டியில் ஏறி, கிராமத்துப் பழைய மதுக்கடைகளில் கணப்பு அருகே உட்கார்ந்து, "ஆகா, என்ன அழகு!" என்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்த வண்டியும் அந்தக் கடையும் இன்றும் இருப்பது யாரால்?

1963-ல் ரயில்வே போர்டின் தலைவராக இருந்தவர் டாக்டர் பீச்சிங். ரசாயனக் கம்பெனியிலிருந்து வந்தவர். அவரை அந்தப் பதவியில் வைத்த மந்திரி மார்ப்பிள்ஸ், சாலை போடும் கம்பெனியைத் தொடங்கியவர்! டிக்கெட் வசூலைக் கூட்டிப் பார்த்தார் பீச்சிங். "நஷ்டம், மூடு" என்று அறிக்கை கொடுத்தார். கார்மார்தன்–அபெரிஸ்ட்வித் பாதையில் 1965-ல் பயணி வண்டி நின்றது. விளைவு என்ன? இன்றும் தெற்கு வேல்ஸிலிருந்து வடக்கு வேல்ஸுக்கு ரயிலில் போகிறவன் இங்கிலாந்துக்குள் புகுந்துதான் போக வேண்டும். நான் முதலில் சொன்ன பாதையும் மூடல் பட்டியலில் இருந்தது, தப்பிப் பிழைத்தது.

ரயில் போனால் கடை போகும், கடை போனால் ஊர் கூடும் இடம் போகும். ரோஸ்புஷ் என்ற கல் குவாரி கிராமத்தைப் பாருங்கள். 1876-ல் ரயில் வந்தது. பயணிகளுக்காகத் தகரத்தில் ஒரு ஓட்டல் கட்டினார்கள். 1937-ல் பயணி வண்டி நின்றது. ஓட்டல் மதுக்கடையாக நின்று நிலைத்தது. 2017-ல் அதற்கும் ஆபத்து வந்தபோது, ஊரார் பங்கு சேர்த்துத் தாங்களே வாங்கிவிட்டார்கள். கடலோர ரயில் முடியும் புல்ஹெலிக்குச் சில மைல் தள்ளி லித்வைன் என்ற கிராமம். அங்கே 1988-லேயே ஊரார் மதுக்கடையைப் பொதுச் சொத்தாக்கினார்கள்.

"குடிக்கு வக்காலத்தா?" என்று நம் வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூலியைக் கடையில் கொட்டிவிட்டு வருகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது என்பது வேல்ஸ் மக்களுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை மூட அங்கே 1881-லேயே சட்டம் வந்தது. லித்வைன் இருக்கும் டுய்வோர் வட்டாரம் அந்தக் கட்டுப்பாட்டை 1996 வரை விடவில்லை. அதே வட்டாரம்தான் கடையை ஊர்ச் சொத்தாகவும் ஆக்கியது! இதில் முரண்பாடு இல்லை. கடை எப்போது திறக்க வேண்டும், யாருக்காகத் திறக்க வேண்டும் என்பதை ஊர் தீர்மானிக்க வேண்டும். கம்பெனியின் கல்லாப்பெட்டி அல்ல. அவர்கள் காப்பாற்றியது சாராயத்தை அல்ல. வேலை முடிந்தவன் நாலு பேரோடு உட்கார்ந்து, தன் தாய்மொழியில் பேசும் இடத்தை.

2021 பிப்ரவரியில் வேல்ஸ் அரசு தன் ரயில் சேவையைத் தனியாரிடமிருந்து மீட்டுத் தன் பொறுப்பில் எடுத்தது. நல்லது. ஆனால் பிடுங்கிய தண்டவாளம் தானாகத் திரும்பி வராது.

தோழர்களே, ஒரு பாதையை மூட ஒரு கையெழுத்து போதும். திறக்க ஒரு தலைமுறையும் போதாது. ஆகவே "நஷ்டம்" என்று எவன் சொன்னாலும், யாருக்கு நஷ்டம் என்று அப்போதே கேளுங்கள். பூட்டு விழுந்த பிறகு கேட்டுப் பயனில்லை.