மகளின் சரீரம், மகளின் சம்மதம்



பதினைந்து, பதினாறு வயதாகியும் மகள் பூப்பெய்தாவிட்டால், ஊரிலுள்ள உறவினருக்கு என்ன பதில் சொல்வதென்றே முதலில் கலங்குகிறோம். மார்பக வளர்ச்சி ஒழுங்காயிருந்தும் மாதவிலக்கு மட்டும் வராதிருப்பின், அவளைப் பெண்கள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபம் ஒருபோதும் அதற்குத் தடையல்ல.

ஏறத்தாழ 5000 பெண்களில் ஒருவர், கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் வளர்ச்சியடையாமல் பிறக்கிறார். மருத்துவர்கள் இதனை எம்.ஆர்.கே.எச். என்பர். கருவில் உறுப்புகள் உருவாகும் தொடக்க வாரங்களிலேயே நேரிடும் இது, எவருடைய பாவத்தின் பலனுமல்ல, சாபமுமல்ல.

அவள் முழுமையான பெண்ணே. சினைப்பைகள் இயல்பாய் இயங்குகின்றன. தாம்பத்திய இன்பத்தை உணரும் வெளியுறுப்புகளும் இயல்பானவையே. ஆகையால் விருப்பமும் இன்பமும் அவளுக்கு மறுக்கப்பட்டவையல்ல.

ஆயினும் பெற்றோர் சிலர், விவாகத்திற்கு நாள் குறித்துவிட்டு, அதற்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிட அவசரப்படுகின்றனர். இது தகாது. டைலேட்டர் எனும் வழவழப்பான சிறு உருளையால் தினமும் மென்மையாய் அழுத்தி, சில மாதங்களில் யோனிப் பாதையை நீளச் செய்யும் பயிற்சியே முதல் சிகிச்சை. நல்ல ஆலோசனையும் மன ஆயத்தமும் பெற்றவர்களில் 90 சதவீதத்திற்கும் அதிகமானோர் இதனால் பலனடைவதாக அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2018-இல் தெரிவித்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் பின்பு பெரும்பாலும் இதே பயிற்சி தேவைப்படும். எனவே அவளே விரும்பி முன்வரும்வரை எதையும் தொடங்கலாகாது.

பாதை நீண்டபின்பும் "நான் குறையுள்ளவள்" என்ற எண்ணம் சிலரிடம் நீடிப்பதுண்டு. அதற்கு மருந்து மனநல ஆலோசனையும், உண்மையை அறிந்தே அன்புகூரும் கணவனுமே. ஆதலால் நிச்சயதார்த்தத்திற்கு முன்பே, அவள் சம்மதத்தோடு, மணமகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிள்ளைப்பேற்றின் வழிகளும் முற்றிலும் அடைபடவில்லை. இந்நிலையிலிருந்த ஒரு பெண், மாற்றிப் பொருத்தப்பட்ட கருப்பையின் மூலம் 2014-இல் சுவீடனில் குழந்தை பெற்றார். நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், கருப்பையில்லாத மனைவிக்காக, நிபந்தனைகளோடு, பணம் பெறாத வாடகைத்தாய் முறையை அனுமதிக்கிறது. தத்தெடுப்பும் உண்டு.

தாய்மாரே, பட்டணத்து ஒற்றை அறை வீட்டில் தனிமை அரிது. தினமும் அரைமணி நேரம் கதவைத் தாழிட்டுக்கொள்ள அவளுக்கு இடங்கொடுங்கள். ஏனென்று மற்றவர்கள் கேட்காதபடி காத்துக்கொள்ளுங்கள். அவளைக் கனப்படுத்துவது அங்கே தொடங்கட்டும்.